லபீப் ஒன்று முதல் லபீப் எட்டு வரை

ரதீபாவுக்கு இடது தோள் வலது தோளைவிட ஒரு விரற்கடை தாழ்ந்திருக்கும். இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் அக்கார்டியன் சுமந்ததன் பலன். எகிப்தின் அலெக்சாந்திரியாவில் முஹர்ரம் பேக் பகுதியில், அரசாங்கப் பெண்கள் பள்ளி ஒன்றில் அவள் சங்கீத ஆசிரியை. காலையில் பிள்ளைகள் முற்றத்தில் வரிசை கட்டியதும் அந்தப் பெட்டியைத் தோளில் மாட்டித் தேசிய கீதம் வாசிக்க வேண்டும். அதற்குப் பிறகு ஐந்து வகுப்புகள். சங்கீதம் பரீட்சைக்கு உதவாத பாடம் என்பதால், கணக்கு டீச்சர் வராத நாளெல்லாம் அந்த வகுப்பும் இவள் தலையில் வந்து விழும்.

மதியம் வெளியே வந்து, வழியில் இரண்டு ஃபலாஃபில் ரொட்டி வாங்கிக்கொண்டு, ஐந்து மாடி ஏறி வீடு சேர்வாள். கட்டிடத்தில் லிஃப்ட் உண்டு. ஆறு வருடமாக ஓடவில்லை. அவள் கணவன் முனீர் குவைத்தில் லிஃப்ட் பழுது பார்க்கிற வேலையில் இருக்கிறான் என்பதைக் கீழ்வீட்டுக்காரர்கள் மாதம் ஒருமுறையாவது அவளுக்கு நினைவூட்டிச் சிரிக்காமல் இருக்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபின் இரண்டாவது வேலை தொடங்கும். மகன் ஹாஸிம் ராணுவ சேவைக்குப் போனதிலிருந்து அவன் அறைதான் அவளுடைய பட்டறை. பழைய கணினி ஒன்று, இரண்டு ஸ்பீக்கர், ஒரு கீபோர்டு. திரைச்சீலைக் கம்பியிலிருந்து தொங்கும் மைக். எதிரொலியைக் குடிக்கட்டும் என்று அலமாரிக் கதவைத் திறந்துபோட்டு உள்ளே குளிர்காலக் கம்பளிகளை அடுக்கியிருப்பாள். அங்கே உட்கார்ந்து அவள் செய்வது கல்யாணப் பாட்டு. மாப்பிள்ளையும் பெண்ணும் மண்டபத்துக்குள் நுழையும்போது ஒலிக்கிற ஊர்வலப் பாட்டு. இருவர் பெயரும் அதில் வர வேண்டும், பெண்ணின் அப்பா பெயரும் வந்தால் நல்லது, மாப்பிள்ளையின் அம்மா பெயர் வராவிட்டால் சண்டை.

இந்த வேலையை அவளுக்குக் கொடுப்பவன் ஷுக்ரி. சீதி பிஷ்ர் பகுதியில் கல்யாண மண்டபம் வைத்திருப்பவன். அவன் பெயர்களை எழுதி அனுப்புவான். அவள் தாளத்தையும் கீபோர்டு வாத்தியங்களையும் கணினியில் கோத்து வைப்பாள். பாடகன் பாடியதை, குலவைச் சத்தத்தை, கூட்டுக் குரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் ஏற்றுவாள். ஒரு பாட்டுக்குத் தனித்தனி ஒலி வரிசையாக முப்பது டிராக் சாதாரணம். ஒன்றை உயர்த்தி ஒன்றைத் தாழ்த்தி, வெட்டி, நகர்த்தி, கடைசியில் எல்லாவற்றையும் ஒரே பாட்டாகச் சேர்த்து அனுப்ப வேண்டும். முதல் வருடம் அதில் சந்தோஷம் இருந்தது. ஐந்தாம் வருடத்தில் முதுகுவலி மட்டும் இருந்தது.

அந்த முப்பது டிராக்கில் உயிருள்ள வாத்தியம் ஒன்றுதான்: உஸ்தாத் லபீபின் வயலின். லபீபுக்கு அறுபத்து மூன்று வயது. பெட்ரோல் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பெனியின் வாத்தியக் குழுவில் முப்பது வருடம் முதல் வயலின். செவ்வாய்க்கிழமை தோறும் இப்ராஹிமிய்யாவிலிருந்து வருவார். ஹாஸிமின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரே மெட்டை எட்டுத் தடவை வாசிப்பார். எட்டையும் எட்டு டிராக்கில் பதிந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் எட்டுப் பேர் உட்கார்ந்து வாசிப்பது போல் இருக்கும். திரையில் அவற்றுக்கு அவள் ‘லபீப் ஒன்று’ முதல் ‘லபீப் எட்டு’ வரை பெயர் வைத்திருந்தாள்.

“எட்டு லபீபுல எவன் நல்லா வாசிக்கிறான் அப்லா?” என்பார் அவர். ஊரில் டீச்சரம்மாக்களை அப்லா என்றுதான் அழைப்பது.

“ஆறாவது ஆளு பரவாயில்ல உஸ்தாத். மூணாவது ஆளு தூங்குறாரு.”

“அவன் எம் பொண்டாட்டியோட சண்டை போட்டுட்டு வந்தவன். விடு, பாவம்.”

போன குளிர்காலத்தில் அவருடைய இடது கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் டீக்கோப்பையில் தெரிந்தது. பிறகு வயலினில். நீட்டிப் பிடிக்க வேண்டிய சுரம் அலைந்தது. வேகமான இடங்களில் விரல் ஒரு மயிரிழை பிந்தியது. ஒரே ஒரு டிராக் என்றால் காதுக்குத் தெரியாது. எட்டு அடுக்கும்போது எட்டு நடுக்கமும் சேர்ந்து, சந்தையில் எட்டுப் பேர் ஒரே விஷயத்துக்கு முனகுவது போல் ஆகிவிடும். ரதீபா அதைச் சரிசெய்ய உட்கார்ந்தாள். பிந்தியதை முன்னுக்கு இழுத்தாள். அலைந்ததை அறுத்து, நேராக நின்ற துண்டைத் தேடி ஒட்டினாள். ஒரு பாட்டின் வயலினுக்கு மட்டும் மூன்று மாலைகள் போயின. நடுவில் தினமும் இரண்டு மணி நேரம் மின்வெட்டு வேறு. சேமிக்காமல் விட்டதெல்லாம் அதோடு போகும்.

ஷுக்ரி போனில் கத்தினான். “கல்யாணம் வியாழக்கிழமை அப்லா! பாட்டு சனிக்கிழமை வந்தா என்ன பண்றது? விவாகரத்துக்கு வெச்சுக்கச் சொல்லவா?”

“வயலின்ல வேலை இருக்குது ஷுக்ரி.”

“அந்தப் பெரியவரையா இன்னும் கூப்பிடற? மெஷின்ல வயலின் இல்லயா?”

“இருக்கு. ரெண்டு சுரத்துக்கு நடுவுல நிக்கற நம்ம கால் சுரம் அதுக்கு வராது.”

“யாருக்கு வேணும் கால் சுரம்? கேக்கறவனுக்குத் தப்லா கேக்கணும், தன் பேரு கேக்கணும். அவ்வளவுதான். நீயும் கொஞ்சம் தூங்குவ.”

கடைசி வார்த்தைதான் அவளை வீழ்த்தியது. அந்த வாரம் லபீப் வாசித்த எட்டில் ஏழை வைத்துக்கொண்டு, ஒன்றை மட்டும் கீபோர்டில் தானே தட்டி மிடியாக்கினாள். ஒலிப்பதிவு என்பது நடந்ததை நடந்தபடி பிடித்து வைப்பது. மிடியில் ஒலியே கிடையாது. எந்தச் சுரம், எந்த நொடியில், எவ்வளவு அழுத்தி, எவ்வளவு நேரம் என்கிற குறிப்பு மட்டும்தான்; திரையில் அது சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரியும். அந்தக் குறிப்பைப் படித்துக் கணினி தன்னிடமுள்ள வயலின் ஒலியால் வாசிக்கும். அதற்குக் கை நடுங்காது, மனைவியோடு சண்டை கிடையாது. ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. அன்று அவள் ஏழு மணிக்கே படுத்துத் தூங்கினாள்.

அடுத்த பாட்டில் இரண்டு வயலின் மிடி. அதற்கடுத்ததில் நான்கு. ரமலான் முடிந்து கல்யாணங்கள் குவிந்தபோது எட்டும் மிடியாகிவிட்டன. மூன்றாம் சுரத்தைக் கொஞ்சம் தாழ்த்த வேண்டிய ராகங்களில் சுருதியை இறக்கும் கோடு ஒன்றைத் தோராயமாக இழுத்து விடுவாள். முன்பே அமைத்து வைத்த வரிசை குலைய வேண்டாம் என்று பெயர்களையும் மாற்றவில்லை. கணினி வாசிப்பதெல்லாம் லபீப் ஒன்று, லபீப் இரண்டு என்றே கிடந்தன. உண்மையான லபீப் செவ்வாய்க்கிழமை வருவார், ஐந்து மாடி ஏறி மூச்சு வாங்குவார், எட்டுத் தடவை வாசிப்பார், ஷுக்ரி அனுப்பிய கூலியை வாங்கிக்கொண்டு கைக்குட்டையால் வயலினைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துப் போவார். அவர் காலடிச் சத்தம் படிக்கட்டில் மறைந்ததும் ரதீபா அந்த எட்டையும் ஒலிக்காதபடி அணைத்துத் திரையின் அடியில் தள்ளிவிடுவாள். வராதீர்கள் என்று சொல்ல ஒவ்வொரு வாரமும் நினைத்தாள். ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் என்று விட்டாள்.

ஆகஸ்ட் மாதம், கிறிஸ்தவர்கள் பாலும் இறைச்சியும் விலக்குகிற கன்னி மரியாளின் நோன்பு தொடங்கிய இரண்டாம் நாள், லபீப் சவரம் செய்துகொண்டு புதுச் சட்டையில் வந்தார்.

“இரீனிக்கு நாள் குறிச்சாச்சு அப்லா. நோன்பு முடிஞ்ச மறுவாரம். சர்ச்சுல முடிஞ்சதும் ஷுக்ரி மண்டபம்.”

“மப்ரூக் உஸ்தாத்! ஆயிரம் தடவை மப்ரூக்! இருங்க, டீ போடறேன்.”

தட்டோடு திரும்பியபோது அவர் கணினிக்கு முன்னால் நின்றிருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்கு திரையில் இடிக்கும்படி குனிந்திருந்தார். முந்தின நாள் முடித்த பாட்டு திறந்தே கிடந்தது.

“அப்லா, இங்க எம் பேரு எழுதியிருக்கு.”

“ஆமா உஸ்தாத்.”

“எம் பேருக்குப் பக்கத்துல செங்கல் அடுக்கியிருக்கு.”

ரதீபா தட்டைப் பிடித்தபடி நின்றாள்.

“நான் வாசிச்சது கம்பளிப்பூச்சி மாதிரி முள்ளும் மேடுமா இருக்கும்னு நீதான ஒரு நாள் காட்டின? என் கம்பளிப்பூச்சி எங்க?”

அவள் தட்டைக் கட்டிலில் வைத்தாள். திரையைக் கீழே உருட்டினாள். சாம்பல் நிறத்தில் எட்டு வரிசை கிடந்தது.

“இருக்கு. அணைச்சு வெச்சிருக்கேன்.”

“எத்தனை பாட்டுல?”

“முழுசாவா? பதினொண்ணு.”

லபீப் உட்கார்ந்தார். அவர் கத்துவார் என்று அவள் காத்திருந்தாள். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. அவர் கோப்பையை எடுத்து உற்றுப் பார்த்தார்.

“பால் ஊத்தலியே?”

“நோன்புன்னு தெரியும். ஊத்தல.”

இரண்டு மிடறு குடித்தார். கோப்பை தட்டில் மோதிக் கடகடத்தது.

“எனக்குக் கைதான் நடுங்குது அப்லா. காது நடுங்கல. போன மாசம் டிராம் நிறுத்தத்துல நிக்கறேன், ஒரு கல்யாணக் காரு போகுது, நம்ம பாட்டு. மூணாவது சுரம் படிக்கட்டுல ஏறின கழுதையாட்டம் மேலயே நிக்குது. நான் செத்தாலும் அப்படி வாசிக்க மாட்டேன். சரி, ஒண்ணு ரெண்டு நீ மாத்தியிருப்பேன்னு நெனச்சேன். எட்டும்னு நெனக்கல.”

“அப்பவே கேட்டிருக்கலாமே உஸ்தாத்.”

“கேட்டா நீ உண்மையச் சொல்லிடுவ. அப்புறம் செவ்வாய்க்கிழமை நான் எங்க போறது?”

அவள் கணினியில் அந்தப் பாட்டை மூடினாள்.

“நீ ஏன் சொல்லல?” என்று கேட்டார்.

“களைப்பு உஸ்தாத்,” என்றாள். “பொய் சொல்லணும்னு இல்ல. சொல்றதுக்குக்கூடக் களைப்பா இருந்துச்சு.”

அவர் தலையை ஆட்டினார். அதை ஏற்றுக்கொண்டாரா இல்லையா என்று தெரியவில்லை. மீதி டீயை வைத்துவிட்டு எழுந்தார். மகளுக்குப் பாட்டு வேண்டும் என்று கேட்கத்தான் வந்திருந்தார் என்பது அவர் போன பிறகுதான் ரதீபாவுக்கு உறைத்தது.

அடுத்த செவ்வாய் அவர் வரவில்லை. மிச்சமான அந்த மாலை அவளுக்குத் தேவைப்பட்ட ஓய்வுதான். ஆனால் அவள் கட்டிலில் படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் இரீனி போன் செய்தாள். “அப்பா பாட்டுக்குச் சொல்லிட்டாரா அப்லா? கேட்டா, ரெடிமேடா ஏதாவது போட்டுக்கலாம்ங்கறாரு. அவர் பொண்ணு கல்யாணத்துக்கு ரெடிமேடா?”

ரதீபா அன்றைக்கே இப்ராஹிமிய்யா போனாள். லபீப் பனியனோடு கதவைத் திறந்தார். அவளைக் கண்டதும் சட்டை தேடி உள்ளே ஓடினார். அவள் உட்காரவில்லை.

“நாளைக்கு வாங்க. இரீனி பாட்டுக்கு எட்டும் நீங்கதான்.”

“இருநூறு பேர் முன்னால என் நடுக்கத்தையா போடப்போற? உனக்குக் கோபம் எம்மேலயா, எம் மருமகன் மேலயா?”

“மூணு நாள் எடுத்துக்கலாம். நல்லா வர்ற வரைக்கும் வாசிங்க. நான் பொறுக்கிச் சேக்கறேன்.”

வந்தார். மூன்று நாள் வாசித்தார். வெயிலில் அறை அடுப்பாகக் கொதித்தது. மின்விசிறிச் சத்தம் மைக்கில் விழும் என்று அதையும் நிறுத்தியிருந்தார்கள். காலையில் கை கொஞ்சம் அடங்கியிருப்பதைக் கண்டு, பள்ளி விடுமுறையும் ஆனதால், எட்டு மணிக்கே தொடங்கினார்கள். நாற்பத்தேழு தடவை பதிந்தாள். நான்காம் நாள் இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார்கள்.

ரதீபா இரக்கப்பட்டுத் தலையாட்டிய இடங்களில்கூட லபீப் இரக்கப்படவில்லை.

“தூக்கு.”

“இது நல்லாத்தான இருக்கு உஸ்தாத்?”

“பல்வலிக்காரன் பாடற மாதிரி இருக்கு. தூக்கு.”

மாலைக்குள் மிஞ்சியது இரண்டு. இன்னும் ஐந்தைத் தன்னால் வெட்டி ஒட்டி நேராக்க முடியும் என்றாள்.

“வேணாம். நீ ஒட்டினா அது நானில்ல, உன் கத்தரிக்கோல். ரெண்டுதான் வந்துச்சு, ரெண்டு போதும். மத்த ஆறுக்கும் உன் செங்கல்லயே வெய்யி. ஆனா அந்தக் கழுதைய என் பொண்ணு கல்யாணத்துல ஏத்தாத. அத நான் பாத்துக்கறேன்.”

அன்றும் மறுநாளும் அவர் அவளுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கணினி வயலின் ஒவ்வொரு சுரமாக வாசிக்கும். அவர் கண்ணை மூடிக் கேட்பார். “கீழ. இன்னும் கீழ. போதும், கிணத்துல தள்ளாத.” சுரத்துக்குச் சுரம் அவள் சுட்டியால் கோட்டை வளைத்தாள். எங்கே வழுக்கி ஏற வேண்டும், எங்கே வில் திரும்பும்போது ஒலி இளைக்க வேண்டும் என்று அவர் வாயால் பாடிக் காட்டினார். ஆறு வயலினும் ஒரே ஆள் மாதிரி இருக்கக் கூடாது, இரண்டாமவன் சோம்பேறி, ஐந்தாமவன் அவசரக்காரன் என்று குணம் வகுத்தார். அவளுக்குக் கண் எரிந்தது. ஒரு பாட்டுக்கு இவ்வளவு உழைத்ததே இல்லை. எரிச்சலில் ஒருமுறை சுட்டியைத் தள்ளிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவி வந்தாள். அவர் அசையாமல் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். “பதினேழாவது இடம் இன்னும் சரியில்ல,” என்றார்.

இத்தனை டிராக்கையும் ஒன்றாக ஓட்டினால் கணினி திணறும். அதனால் எட்டு வயலினையும் முதலில் ஒரே டிராக்காகச் சேர்க்க வேண்டியிருந்தது. சேர்த்துவிட்டால் எது கை, எது குறிப்பு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அவள் அதைச் சொன்னாள். லபீப் சற்று யோசித்து, “எதை அமுக்கணும்?” என்று கேட்டார். அவள் காட்டினாள். அவர் நடுங்கும் விரலை வலது கையால் பிடித்துக்கொண்டு அமுக்கினார்.

கல்யாணத்தன்று ரதீபா மண்டபத்தின் பின்வரிசையில், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றாள். புதுச் செருப்பு கடித்தது. கதவு திறந்தது, இரீனியின் கையைப் பிடித்து லபீப் வந்தார். கறுப்புக் கோட்டு வயிற்றில் இறுகியிருந்தது. தப்லா முழங்கியது, குலவை எழுந்தது, பெயர்கள் வந்தன. பாடகன் குரலைத் தான் கொஞ்சம் அதிகமாக ஏற்றிவிட்டோம் என்று ரதீபாவுக்குப் பட்டது. பிறகு வயலின்கள் ஏறின. மூன்றாம் சுரம் அதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. லபீப் தலை நிமிரவில்லை. மகளின் அங்கியை மிதித்துவிடாமல் தரையைப் பார்த்தே நடந்தார். கூட்டத்தில் யாரும் வயலினைக் கவனிக்கவில்லை. போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் கம்பெனிக் குழுவில் அவரோடு வாசித்த ஒரு பழைய நண்பர் மட்டும் பிடித்துக்கொண்டார். “லபீப், நல்ல வயலின் வரிசைடா அது! எட்டுப் பேரா? யார் யாரு?”

“ரெண்டு நான்,” என்றார் லபீப். ரதீபா பக்கம் முகவாயால் காட்டினார். “மத்ததெல்லாம் அப்லா.”

நண்பர் சிரித்துக்கொண்டே அவளுக்குத் தட்டில் கோழித்துண்டு ஒன்றை எடுத்து வைத்தார். வேடிக்கை என்று நினைத்திருப்பார்.

அதற்குப் பிறகு லபீப் வயலின் கொண்டு வரவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை வந்தார். பழையபடி மூச்சு வாங்க ஏறி, கட்டிலில் உட்காராமல் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு குறை சொன்னார். பாட்டுகள் தேறின. ரதீபாவின் வேலை இரண்டு மடங்காயிற்று. ஷுக்ரி பொறுத்துப் பார்த்துவிட்டு, பாதிப் பாட்டுகளை மன்ஷிய்யாவில் ஓர் இளைஞனிடம் கொடுத்துவிட்டான். அவன் ஒரே நாளில் முடித்துத் தருகிறானாம். அதைப் பற்றி அவள் லபீபிடம் சொன்னாள். இந்தத் தடவை தள்ளிப்போடாமல் அன்றைக்கே சொன்னாள். அவர், “அவன் காதுல என்ன வெச்சிருக்கான்?” என்று மட்டும் கேட்டார்.

பள்ளி திறந்த இரண்டாம் வாரம், ஒரு செவ்வாய் மாலை. காலையில் தேசிய கீதம், பிறகு கணக்கு டீச்சரின் இரண்டு வகுப்புகளோடு ஏழு வகுப்புகள். தமன்ஹூரில் ஒரு கல்யாணத்துக்கான பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது ரதீபா நாற்காலியிலேயே தூங்கிப் போனாள். விழித்தபோது அறை மங்கியிருந்தது. லபீப் போயிருந்தார். கீபோர்டின் மேல் டிராம் டிக்கெட்டின் பின்புறத்தில் பென்சிலால், கோணல்மாணலாக எழுதியிருந்தது: ‘பதினொண்ணு, பத்தொன்பது, இருபத்து மூணு. மூணு இடமும் சரியில்ல. நாளைக்குப் பாத்துக்கலாம், தூங்கு.’

அவள் எழுந்து முகம் கழுவி வந்தாள். பதினொன்றைக் கேட்டாள், திருத்தினாள். பத்தொன்பதையும் திருத்தினாள். இருபத்து மூன்றை நான்கு தடவை ஓட்டிக் கேட்டாள். அதில் கை வைக்கவில்லை. அவள் காதுக்கு அது சரியாகத்தான் இருந்தது.